கஞ்சி டீச்சர் வீட்டு டின்

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியை ஒட்டிய உழவர்கரைப் பக்கம் யாரிடமாவது என் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வழி கேட்டிருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். "கஞ்சி டீச்சர் வீடு" என்று கேட்டால் மட்டும் கையோடு அழைத்துவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். தபால்காரர் கடிதத்தின் மேல் என் பெயரைப் படித்துவிட்டுத்தான் "கஞ்சி டீச்சர், லெட்டர்!" என்று கத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஆறு மாதம் பயிற்சி எடுத்து, 'ஊட்டச்சத்துப் பணியாளர்' என்று சர்ட்டிஃபிகேட் வாங்கியவள் நான். அதற்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியும் வைத்திருந்தேன். யார் பார்த்தார்கள்?

வேலை இதுதான். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் பக்கம், மற்ற நாட்களில் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்துக் கிராமங்களில், ஏதாவது ஒரு தெருவில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, ஆறு மாதம் ஆன பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வேறு என்ன கொடுக்க வேண்டும் என்று செய்து காட்ட வேண்டும். முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு, வறுத்த பச்சைப்பயறு, கொஞ்சம் வேர்க்கடலை, இவற்றை அரைத்துச் சலித்தால் மாவு. தண்ணீரில் கரைத்துக் கட்டி விழாமல் கிண்டி, வெல்லம் போட்டு இறக்கினால் கஞ்சி. பெரும்பாலும் மில் வேலைக்காரக் குடும்பங்கள். காலை சங்கு ஊதி ஆண்கள் எல்லாம் உள்ளே போன பிறகுதான் பெண்கள் என் பக்கம் வருவார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா ஒருவர் மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

சமையலைவிட எனக்குப் பேச்சு நன்றாக வரும். அந்தப் பேச்சில் அடி வாங்குவது எப்போதும் டின்தான். கடையில் விற்கும் குழந்தை உணவு டின். "தகரத்துக்குள்ள என்னா இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா? மூடி போட்டு எத்தினி மாசம் ஆச்சுன்னு தெரியுமா? டின்னு மேல சிரிக்குதே ஒரு கொழந்த, அது அந்த மாவத் தின்னு வளந்துதுன்னு யாரு பாத்தா? போட்டோ புடிக்கக் கூட்டியாந்த கொழந்தம்மா அது!" கூட்டம் சிரிக்கும். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டுக் குழந்தைக்குப் பாரீசிலிருந்தே டின் வரும். கன்னம் இரண்டும் பன்னு மாதிரி இருக்கும். "அந்தப் புள்ளய பாருங்க டீச்சர், எப்பிடி இருக்குது!" என்று ஒருத்தி ஆசையாக இழுத்தாள். "அது ஊதியிருக்குதும்மா, வளரல" என்று ஒரே போடாகப் போட்டேன். பாவம், அந்தப் பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

இப்படியெல்லாம் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்த எனக்கு ஒரு பெண் பிறந்தாள். ஆறு மாதம் முடிந்தது. லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்ப இன்னும் ஐந்து நாள். அதற்குள் கஞ்சி குடிக்கப் பழக்கிவிட வேண்டும். எனக்கா கஷ்டம்? ஊரிலிருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் பழக்கியவள் அல்லவா! கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டேன். ஸ்பூனைக் கொதிநீரில் போட்டேன். கையால் ஊட்டக் கூடாது, நகத்தில் அழுக்கு இருக்கும், ஸ்பூன்தான் சுத்தம் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாடம்; வகுப்பில் நான் தவறாமல் ஒப்பிக்கும் பாடமும் அதுதான். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதல் ஸ்பூனை நீட்டினேன். நாக்கால் தள்ளினாள். இரண்டாவது ஸ்பூன் என் மூக்கின்மேல் வந்து விழுந்தது. மறுநாள் ஸ்பூனைப் பார்த்ததுமே வாயைப் பூட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் வீல் என்று அலறினாள். நான்காம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன். உழவர்கரையில் எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரர் மனைவி என் வகுப்பில் உட்கார்ந்தவளாக இருப்பாள். அதனால் டவுனை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டிப் போய், என் முகம் தெரியாத ஒரு மருந்துக்கடையில், குரலைத் தாழ்த்தி, "ஒரு பேபி ஃபுட் டின் குடுங்க" என்றேன். சாராயக் கடையில் நிற்பவளுக்குக்கூட அவ்வளவு கூச்சம் இருந்திருக்காது. அங்கிருந்து பெரிய மார்க்கெட். இரண்டு கிலோ கத்திரிக்காய் வாங்கி டின்னின் மேல் கொட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் யார்? முன் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டே என்னைக் கொல்லும் ஒருத்தி.

"பையில என்னா டீச்சர், இம்மாம் கனமா?"

"கத்திரிக்காம்மா."

"கத்திரிக்காயா டங்கு டங்குன்னு இடிக்குது?"

"அடியில சொம்பு இருக்குது. ஈயம் பூசக் குடுத்திருந்தேன்."

அவள் பையை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். "எங்கூட்டு சொம்பும் ஒண்ணு பூசணும் டீச்சர். எந்தக் கடை?" என்றாள். பஸ் நிற்கும்வரை இல்லாத ஒரு கடைக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்புதான்.

என் கணவருக்குக் காரைக்காலில் சர்க்கார் ஆபீசில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். டின் காலியானால் அதை வெளியே போட முடியாது. பழைய சாமான்காரரிடம் போட்டால் தெரு முழுக்கச் செய்தி போய்விடும். அதனால் காலி டின்கள் எல்லாம் அவர் பையில் காரைக்காலுக்குப் பயணம் போயின. அவர் அறையில் சர்க்கரை, டீத்தூள், துணிக்குப் போடும் சோடா, ஷேவிங் பிரஷ் எல்லாமே சிரிக்கும் குழந்தை படம் போட்ட டின்னில்தான் இருந்தன. "உனக்கு எத்தன கொழந்தடான்னு ஆபீசுல கேக்குறாங்க" என்று அலுத்துக்கொள்வார்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தாள். எங்கள் லைன் வீட்டில் பக்கத்துப் போர்ஷன்காரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். புருஷனுக்கு மில்லில் ஷிப்டு வேலை. அவளுக்கும் இரண்டரை வயதில் ஒரு பையன். என் வகுப்பு வீட்டு வாசலிலேயே நடந்தாலும் எட்டிப் பார்க்க மாட்டாள். "கஞ்சி காய்ச்ச ஒரு படிப்பாக்கா?" என்று என்னிடமே கேட்டவள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் என் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் விட்டேன்.

டின் விஷயம் வெளியே போகக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். தினமும் காலையில் ஒரு சின்ன சம்படத்தில் அன்றைக்கு வேண்டிய மாவை அளந்து போட்டு, கொதிக்கவைத்த தண்ணீரை ஃபிளாஸ்கில் ஊற்றி, ஸ்பூனைச் சுத்தமான துணியில் சுற்றிக் கொடுப்பேன். "பத்து மணிக்கு ஒருவாட்டி, ரெண்டு மணிக்கு ஒருவாட்டி. ஸ்பூன்லதான் குடுக்கணும். கட்டி இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தா கொட்டிடு, திரும்பக் குடுக்காத."

"சரிக்கா."

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும்."

"சரிக்கா, நீ போ. பஸ்ஸு பூடப் போவுது."

எல்லாவற்றுக்கும் சரிக்காதான். இவ்வளவு பணிவு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் வந்ததும் மனசு உறுத்தும். அவசரமாக நம்முடைய கஞ்சியைக் காய்ச்சி ஸ்பூனில் எடுத்துப் போவேன். வாயைத் திறக்கவே மாட்டாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என் கஞ்சியை நக்கி நக்கிக் குடிக்க, என் வயிற்றில் பிறந்தது மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும். கடைசியில் டின் மாவைக் கரைத்து நீட்டினால் இனிப்புக்கு ஆசைப்பட்டு இரண்டு ஸ்பூன் சப்புக்கொட்டும், அவ்வளவுதான். ஆனால் எடை மட்டும் மாதம் தவறாமல் ஏறியது. பகலில் டின் உணவைத்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். என் பெண் டின் பிள்ளை ஆகிவிட்டாள். சொல்தா வீட்டுப் பிள்ளையை நான் பேசின பேச்சுக்குக் கடவுள் கொடுத்த கூலி என்று நினைத்துக்கொள்வேன்.

வகுப்பில் எவளாவது, "ஒங்க பொண்ணு என்னா டீச்சர் சாப்புடுது?" என்று கேட்பாள்.

"இதேதான்" என்று பானையைக் காட்டுவேன்.

அப்போதுதான் ஏனாம் வந்து கழுத்தில் உட்கார்ந்தது. புதுச்சேரி அரசாங்கத்தில் வேலை பார்க்கிறவர்களைப் பயமுறுத்த அந்தப் பெயர் ஒன்றே போதும். பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன துண்டுகளில் அது ஆந்திரத்துக்குள் எங்கோ கிடக்கிற துண்டு. ரயில் மாறி, பஸ் மாறிப் போக வேண்டும். எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. டாக்டரம்மா ஜீப்பில் வந்தவர், "உங்க வேலைய நிரந்தரமாக்கப் போறாங்க" என்றார். நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். "ஆனா இங்க அம்மாக்கள் நெஜமாவே கஞ்சி காய்ச்சிக் குடுக்குறாங்களான்னு மேல கேக்குறாங்க. அடுத்த மாசம் நான் பாத்துட்டு எழுதுவேன். நல்லா இருந்தா இங்கயே நிரந்தரம். இல்லன்னா ஏனாம்ல ஒரு எடம் காலியா இருக்கு. அங்க போட்டுடுவாங்க."

அந்தச் சனிக்கிழமை வந்த கணவரிடம் சொன்னேன். "நீ ஏனாம், நான் காரைக்கால், பூட்டு மட்டும் புதுச்சேரியில" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கைக்குழந்தையோடு பாஷை தெரியாத ஊரில் நான் தனியாக என்ன செய்வேன்? வேலையை விடலாம் என்றால், அவர் ஒருவர் சம்பளம் இரண்டு ஊர் வாடகைக்குக் காணாது. லைன் வீட்டில் இந்தப் பக்கம் இருமினால்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்பதால் சத்தம் போடாமல் அழுதேன். அழுதது பக்கத்துப் போர்ஷன்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? திங்கட்கிழமை காலை பிள்ளையை வாங்கும்போதே, "ஏனாம்னா எங்கக்கா இருக்குது? எத்தினி நாள் ஆவும் போறதுக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரிகிறதா பார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டரம்மா வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. செயல்முறை விளக்கத்துக்கு என் குழந்தையையும் அழைத்து வர வேண்டுமாம். தாய்மார்கள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதை நம்புவார்களாம். போச்சுடா! அந்தச் சீட்டை நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அதேதான் எழுதியிருந்தது.

அந்த வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே! கஞ்சியில் வெல்லத்தை இரண்டு பங்காக்கினேன். நெய் விட்டேன். வாழைப்பழம் பிசைந்தேன். ஸ்பூனைக் காக்கா என்றேன், குருவி என்றேன், ரயில் வண்டி என்று கூவிக்கொண்டே கொண்டுபோனேன். அவள் ரயிலைப் பார்த்துச் சிரித்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. வியாழக்கிழமை எனக்குப் புத்தி கெட்டுப்போய் ஒரு யோசனை வந்தது. கூட்டத்துக்கு முன்னால் பானையில் கஞ்சி காய்ச்சட்டும். ஆனால் என் பெண்ணுக்கு ஊட்டுவதற்கு ஒரு கிண்ணத்தில் டின் மாவைக் கரைத்து, நிறத்துக்கு ஒரு கரண்டி கேழ்வரகுக் கூழைக் கலந்து, மூடித் தயாராக வைத்துக்கொள்வது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு ஸ்பூன் உள்ளே போனால் போதும். சர்ட்டிஃபிகேட் வாங்கியவள் செய்கிற காரியமா இது? செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தெருமுனை வேப்பமரத்தடியில் பாய் விரித்தாகிவிட்டது. நாற்பது பெண்கள் இருப்பார்கள். ஒரு தடவைகூட வராதவர்களும் ஜீப்பைப் பார்க்க வந்திருந்தார்கள். பஸ்ஸில் சொம்பு விசாரித்தவள் முதல் வரிசையில். டாக்டரம்மா நாற்காலியில், மடியில் நோட்டு. பக்கத்துப் போர்ஷன்காரி பதினொரு மணிக்குச் சரியாக என் பெண்ணைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் பையனைக் கையில் பிடித்தபடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நான் கஞ்சி காய்ச்சினேன். பேச்சும் பேசினேன், டின்னை மட்டும் அன்றைக்குத் திட்டவில்லை. பானையை இறக்கி எல்லோருக்கும் காட்டினேன். முந்தானையால் மறைத்துக்கொண்டு மூடியிருந்த கிண்ணத்தை எடுத்தேன். மூடியைத் திறந்ததுதான் தாமதம், கிறிஸ்துமஸ் சமயத்தில் ரொட்டிக்கடை வாசலில் அடிக்குமே கேக் வாசனை, அது குப்பென்று கிளம்பியது. டின் மாவின் வெனிலா வாசனை! நிறத்தை மறைக்கத் தெரிந்த எனக்கு வாசனை ஞாபகத்துக்கு வரவில்லை. முதல் வரிசை மூக்கை உறிஞ்சியது. "என்னாடி வாசன?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. டாக்டரம்மா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

அவசர அவசரமாக ஸ்பூனை நீட்டினேன். என் பெண் வாயைப் பூட்டிக்கொண்டாள். "ஆ... ஆ காட்டு கண்ணு" என்றேன். முகத்தைத் திருப்பினாள். விடாமல் ஸ்பூனை உதட்டில் வைத்து அழுத்தினேன். ஒரே தட்டு. ஸ்பூன் பறந்துபோய் டாக்டரம்மா புடவையில் விழுந்தது. என் பெண் வானத்தைப் பார்த்து அலற ஆரம்பித்தாள். தெருவே சிரித்தது. என் காது இரண்டும் கொதித்தன. ஏனாம் ஸ்டேஷனில் பெட்டியும் பிள்ளையுமாக நான் நிற்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அங்கே ரயில் ஸ்டேஷனே கிடையாது என்று பிறகுதான் தெரியும்.

"தள்ளுங்க, தள்ளுங்க." கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்துப் போர்ஷன்காரி வந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்தாள். குடத்துத் தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவினாள். காலை நீட்டிப் பாயில் உட்கார்ந்து, காலின்மேல் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டாள். என் கிண்ணத்தின் பக்கமே பார்க்கவில்லை. பானைக் கஞ்சியை ஒரு தட்டில் ஊற்றி, ஊதி ஊதி ஆற்றி, வெல்லக் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு விரலால் குழப்பி, நாலு விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

அழுகை நின்றது. என் பெண் வாயைத் திறந்தாள். மறுபடி திறந்தாள். அவள் விரல் தட்டுக்குப் போய் வருவதற்குள் பொறுமை இல்லாமல் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த உதடு திறந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. இது என் பிள்ளை, இவளுக்கு எப்படித் திறக்கிறது?

டாக்டரம்மா எழுந்து கிட்டே வந்தார். "நீங்க யாரும்மா?"

"பக்கத்து வூடுங்க. நான்தான் பகல்ல பாத்துக்கறேன்."

"கையால ஊட்டுறீங்களே?"

அவள் சட்டென்று கையை டாக்டரம்மா மூக்குக்கு நேரே நீட்டினாள். "சோப்பு வாசன வருதா பாருங்க. ஸ்பூன்ல குடுத்தா புள்ளைக்கு மருந்துன்னு பயம்ங்க."

"யார் சொல்லிக்குடுத்தாங்க இப்பிடி?"

இவளோ என் வகுப்பு நடக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள். "டீச்சரக்காதாங்க" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "தெனம் சொல்லிட்டுத்தான் போவாங்க. இந்தக் கஞ்சியத் தவுர வேற எதுவும் குடுக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. இன்னிக்கு இம்மாம் கூட்டத்தப் பாத்து புள்ள மெரண்டுடுச்சு, அவ்ளோதான்."

முன் வரிசைக்காரி, "ஆமாங்க, டீச்சர் ரொம்ப கண்டிஷனு" என்று ஒத்து ஊதினாள். பையில் இருந்தது சொம்பு இல்லை என்று அவளுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். டாக்டரம்மா ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு புடவையில் ஒட்டியிருந்த பசையைக் கைக்குட்டையால் துடைத்து, மெல்ல முகர்ந்து பார்த்தார். என் கண்ணுக்கு நேராகப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எங்க வீட்லயும் இதே டின்தான்" என்றார். ஜீப் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பக்கத்துப் போர்ஷனுக்குள் புயல் மாதிரி நுழைந்தேன்.

"எத்தன நாளா இது?"

"எதச் சொல்றக்கா?"

"நடிக்காத! கையால ஊட்டுறது."

"மொத நாள்லேருந்துதான்" என்றாள். அவள் பாட்டுக்கு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த மாவு ரெண்டு ஸ்பூனுக்கு மேல எறங்கல அதுக்கு. எம் புள்ளைக்குக் கேவுரு கரச்சேன். அத்தப் பாத்து வாயத் தொறந்துது, ஒரு வாய் குடுத்தேன். அப்பறம் அதான். பத்து மணிக்கு ஒருவாட்டி, ரெண்டு மணிக்கு ஒருவாட்டி, நீ சொன்ன கணக்குதான். நாலரைக்கு இட்லி இருந்தா அதுவும்."

நாலரைக்கு இட்லி! ஐந்து மணிக்கு நான் ஸ்பூனோடு ரயில் விட்டால் எப்படித் திறக்கும்? வயிறு முட்ட இருந்த பிள்ளையிடம்தான் இரண்டரை மாதமாக நான் தோற்றுக்கொண்டிருந்தேன். டின் கொடுத்தால் இரண்டு ஸ்பூன் நக்கியதெல்லாம் சாப்பாட்டுக்கு மேல் மிட்டாய். இன்றைக்கு மட்டும், கூட்டத்தில் சாப்பிடட்டும் என்று பத்து மணிக் கஞ்சியைக் கொடுக்காமல் கொண்டுவந்ததாகச் சொன்னாள்.

"அப்ப தெனம் நான் குடுத்த மாவு?"

கொஞ்சம் தயங்கினாள். "டீயில போட்டுக்குவோம். பால் ஊத்தின மாதிரி கெட்டியா இருக்குது. எங்கூட்டுக்காரரு ஷிப்டு முடிஞ்சு வந்தா அந்த டீதான் கேக்கறாரு."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒளிந்து ஒளிந்து போனதென்ன, கத்திரிக்காய்க் குழம்பென்ன, காரைக்காலுக்குப் போன டின்னென்ன! இவள் புருஷன் வெனிலா டீ குடித்திருக்கிறான். நான் கத்தின கத்தலில் லைன் முழுக்கக் கதவு திறந்தது. மனுஷியா நீ, வாயில்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றினாயே, என்றெல்லாம் கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் பெண்ணைத் தூக்கிக்கொண்டாள். என் பெண் அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, நான் கத்துவதை ஏதோ வேடிக்கை மாதிரி பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. திங்கட்கிழமை வேறு வழியில்லாமல் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டேன். ஃபிளாஸ்கும் இல்லை, சம்படமும் இல்லை. வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, வீட்டு வாசலிலேயே வகுப்பு இருந்த ஒரு நாள் காலை, உத்தரவு வந்தது. தபால்காரர், "கஞ்சி டீச்சர், சர்க்கார் கவரு!" என்று கத்தினார். பிரித்தேன். உழவர்கரையிலேயே நிரந்தரம். கீழே டாக்டரம்மா கையெழுத்தில் ஒரு வரி: கையைச் சோப்புப் போட்டுக் கழுவி விரலால் ஊட்டுவதையும் இனி வகுப்பில் செய்து காட்டலாம். மறுபடி படித்தேன். ஏனாம் என்ற வார்த்தை எங்கும் இல்லை. கவரும் கையுமாகப் பக்கத்துப் போர்ஷனுக்கு ஓடினேன். கோபமாவது, மண்ணாவது! அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என் பெண் ஈரத் தரையில் உட்கார்ந்து சோப்பு நுரையை அடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயேதான்! இங்கயே போட்டுட்டாங்க!" என்றேன். "நீ மட்டும் அன்னிக்கு வாயத் தொறந்து உண்மையச் சொல்லியிருந்தா நான் தொலஞ்சேன். உன்ன எவ்ளோ பேசிட்டேன். எனக்காக அத்தன பேர் முன்னாடி பொய் சொன்னியேம்மா."

அவள் துணியை முறுக்கிப் பிழிந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒனக்காக எதுக்குக்கா பொய் சொல்றேன்? நீ ஏனாம் போனா இவளயும் தூக்கிகினு போயிடுவ இல்ல?"

துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, ஈரக் கையோடு என் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மணி பத்தாகியிருந்தது.